லோகோ திணறுகிறது, விளக்கு மினுக்குகிறது: பழுது தேடும் சாதனங்களில் எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

மாடல் ரயில் லோகோ மக்கர் செய்தால் முதல் பழி, கட்டளைகளைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகையான டீகோடர் மீதுதான் விழும். புது டீகோடர் வாங்கி மாட்டிய பிறகும் அதே திணறல், அதே மினுக்கல் தொடரும். ஏனென்றால் பெரும்பாலான கோளாறுகள் தண்டவாளத்துக்கும் டீகோடருக்கும் இடையில்தான் உட்கார்ந்திருக்கின்றன: சக்கரத்தின் அழுக்கு, சக்கரத்தை உரசி மின்சாரம் எடுக்கும் பிக்கப் தகடு, சால்டர் விட்டுப்போன ஒயர், சரியாக அமராத சாக்கெட். அதனால் இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு சாதனத்தையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம். கோளாறு இருக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கிறதா, மூடி மறைக்கிறதா?

எதையும் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு லோகோவை மிக மெதுவாக ஓட விடுங்கள். வண்டி திணறும் அதே நொடியில் விளக்கும் மினுக்கினால் மின்சாரம் உள்ளேயே வரவில்லை; கோளாறு சக்கரத்திலோ பிக்கப்பிலோ தண்டவாளத்திலோ இருக்கிறது. விளக்கு நிலையாக எரிந்து வண்டி மட்டும் திணறினால் மின்சாரம் வருகிறது, மோட்டாரையோ கியரையோ பாருங்கள். வண்டி சீராக ஓடி விளக்கு மட்டும் மினுக்கினால் விளக்கு ஒயரிங்கையோ டீகோடர் செட்டிங்கையோ பாருங்கள். கீழே வரும் எல்லாச் சாதனமும் இந்த மூன்று கிளைகளில் ஏதோ ஒன்றுக்குத்தான் பயன்படும். இந்தச் சோதனையை டிசிசியில், அதாவது தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜும் அதோடு கட்டளைகளும் போகும் டிஜிட்டல் முறையில், செய்வதே நல்லது. சாதாரண டிசியில் வேகத்தைக் குறைத்தாலே விளக்கும் மங்கும் என்பதால் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது.

மல்ட்டிமீட்டர்: முதலில் வாங்க வேண்டியது

விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. ஆனால் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். 200 ஓம் ரேஞ்ச் இருக்க வேண்டும், அதில் 0.1 ஓம் வரை காட்ட வேண்டும். டயோடு சோதனையில் வெள்ளை எல்இடி எரியும் அளவுக்கு வோல்டேஜ் வர வேண்டும். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் தேவை, மலிவு மீட்டர்கள் பலவற்றில் அது வராது. நல்ல எல்இடியைக்கூடச் செத்துவிட்டது என்று அந்த மீட்டர் காட்டும். மூன்றாவது, முனைகள் ஊசிபோல் கூர்மையாக இருக்க வேண்டும். தடித்த முனையை 8 பின் சாக்கெட்டில் வைத்தால் பக்கத்துப் பின்னையும் தொட்டுவிடும்.

பீப் ஒலியை மட்டும் நம்பி வேலை செய்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல மீட்டர்கள் 30 ஓம், 50 ஓம் இருந்தால்கூட பீப் அடிக்கும். இதில் இரண்டு ஆபத்துகள். முதலாவது, 4 ஓம் எதிர்ப்பு உள்ள மோசமான பிக்கப்பும் "நல்லது" என்று தேர்ச்சி பெற்றுவிடும். மோட்டார் 0.5 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 4 ஓமில் 2 வோல்ட் காணாமல் போகும். ஏற்றத்தில் வண்டி தள்ளாடுவதும் விளக்கு மங்குவதும் இதனால்தான். இரண்டாவது, மோட்டாரின் சுருளே பெரும்பாலும் சில பத்து ஓம்தான் இருக்கும். அதன் வழியாக பீப் வந்தால் மோட்டார் ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து நல்ல மோட்டாரைக் கழற்றிப் போடுவார்கள். ஆகவே பீப்பை விட்டுவிட்டு ஓம் எண்ணைப் படியுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் வரும் 0.2, 0.3 ஓம் மீட்டர் ஒயருக்குச் சொந்தமானது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் முறை இது. டீகோடரைக் கழற்றிவிடுங்கள். என்இஎம் 652 என்ற 8 பின் சாக்கெட்டில் 8ஆம் பின் சிவப்பு ஒயருக்கு, அதாவது வலது தண்டவாளத்துக்கு. 4ஆம் பின் கறுப்பு ஒயருக்கு, அதாவது இடது தண்டவாளத்துக்கு. ஒரு முனையை 8ஆம் பின்னில் வைத்து, மறு முனையை வலது பக்கச் சக்கரங்கள் ஒவ்வொன்றின் ஓடும் பரப்பிலும் வையுங்கள். சக்கரத்தின் முகப்பில் வைக்காதீர்கள். அழுக்கு இருப்பது ஓடும் பரப்பில். மீட்டர் ஒயரைக் கழித்த பிறகு 1 ஓமுக்குக் கீழே நிலையாக இருந்தால் அந்தச் சக்கரம் நல்லது. அப்படியே சக்கரத்தை விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எண் தாவினால் பிக்கப் தகடு சக்கரத்தின் பின்பக்கத்தை விட்டு விட்டுத் தொடுகிறது. எண்ணே வராவிட்டால் தகடு விலகியிருக்கிறது, அல்லது அந்தச் சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது. ரப்பர் வளையம் பிடிமானத்துக்கு நல்லது, ஆனால் அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. நான்கு அச்சு லோகோவில் இரண்டு சக்கரங்களில் ரப்பர் போட்டிருந்தால் எடுக்கும் சக்கரம் எட்டிலிருந்து ஆறாகக் குறையும். மெதுவான ஓட்டத்தில் பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) மேல் நின்றுவிடுவதற்கு அதுவே போதும். இடது பக்கத்தையும் 4ஆம் பின்னை வைத்து இதேபோல் பாருங்கள்.

அடுத்து, 1ஆம் பின்னுக்கும் (ஆரஞ்சு) 5ஆம் பின்னுக்கும் (சாம்பல்) நடுவே மோட்டாரின் எதிர்ப்பைப் பாருங்கள். மோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது எண் சற்று ஆடலாம். அறவே இல்லாமல் போனால் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கிறது அல்லது அது உரசும் கம்யூட்டேட்டரில் கரி படிந்திருக்கிறது. கடைசியாக மிக முக்கியமான சோதனை: 1, 5 ஆகிய பின்களுக்கும் 4, 8 ஆகிய பின்களுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. உலோகச் சட்டம் உள்ள பழைய லோகோக்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் சட்டத்தோடு இணைந்திருக்கும், சட்டம் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். அதைப் பிரிக்காமல் டீகோடர் போட்டுப் பவர் கொடுத்தால் டீகோடரின் மோட்டார் பகுதி எரிந்துவிடும்.

மல்ட்டிமீட்டரால் ஒரு வேலை சரியாக ஆகாது: டிசிசி தண்டவாள வோல்டேஜை நேரடியாக ஏசி ரேஞ்சில் அளப்பது. மலிவு மீட்டர்கள் 50, 60 ஹெர்ட்ஸ் சைன் அலைக்காகச் செய்யப்பட்டவை. டிசிசியில் ஓடுவது 5 முதல் 9 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான சதுர அலை, அதனால் காட்டும் எண் தவறாக இருக்கும். ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் ஏசி கால்களைத் தண்டவாளத்தில் வைத்து, மற்ற இரண்டு கால்களில் டிசி ரேஞ்சில் அளந்து, டயோடுகளில் விழும் 1.4 வோல்ட்டைச் சேர்த்துக்கொண்டால் உண்மைக்கு அருகில் வரும். இதற்காகவே தனி மீட்டர் விற்கிறார்கள். ஒன்றிரண்டு லோகோ வைத்திருப்பவருக்கு அது வேண்டாம்.

ஆம்பியர் காட்டும் பவர் சப்ளை

வோல்டேஜையும் கரண்ட் வரம்பையும் தனித்தனியாகத் திருப்பி வைக்கக்கூடிய சிறிய பெஞ்ச் பவர் சப்ளை எங்கள் பட்டியலில் இரண்டாவது. டீகோடரிலிருந்து துண்டித்த மோட்டாரை நேரடியாக இதில் இணைத்து, வரம்பை 0.5 ஆம்பியரில் வைத்து, வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினால் அந்த லோகோவின் உடல்நிலை திரையிலேயே தெரிந்துவிடும். டீகோடர் இணைப்பில் இருக்கும்போது மோட்டார் முனைகளில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது, அது டீகோடரைக் கொன்றுவிடும்.

இன்றைய ஹெச்ஓ (1:87 அளவு) லோகோக்களில் உள்ள மூடிய கேன் மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போது சுமார் 50 முதல் 150 மில்லி ஆம்பியருக்குள் இழுப்பது இயல்பு. 300க்கு மேல் போனால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. எங்கே என்று பிரித்தறிய, மோட்டாரைக் கியரிலிருந்து கழற்றி மறுபடி பாருங்கள். தனியாக ஓடும்போது இறங்கிவிட்டால் குற்றம் கியர் பெட்டியில். அப்போதும் இறங்காவிட்டால் மோட்டாரில். எண் ஒரே சீராக இல்லாமல், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கினால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் கியர் வெடித்திருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். உலோக அச்சின் மேல் இறுக்கமாக ஏற்றிய கியர் வருடங்கள் போகப்போக நீளவாக்கில் விரியும். விரிசல் விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி அகன்று, அந்த இடம் வரும்போதெல்லாம் "டக்" என்று ஒரு துள்ளல் வரும். கியரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடி அளவுக் கோடு தெரியும். பசை போட்டு ஒட்டுவது வீண் வேலை: இந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது, பிடித்தாலும் பல் இடைவெளி பழைய அளவுக்குத் திரும்பாது. கியரையே மாற்றுங்கள். மாற்றிய பின் சக்கரங்களின் உள் இடைவெளியைச் சரிபாருங்கள், ஹெச்ஓவில் அது 14.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும்.

முழு வோல்டேஜில் சக்கரத்தை ஒரு நொடி மட்டும் அழுத்திப் பிடித்து எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பதும் இதில்தான் முடியும். அந்தச் சோதனைக்கு மட்டும் கரண்ட் வரம்பை 2 ஆம்பியருக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உண்மையான எண் வராது. 12 வோல்ட்டில் 1 ஆம்பியருக்கு மேல் போகும் பழைய திறந்த மோட்டாருக்கு 1 ஆம்பியர் டீகோடர் போடாதீர்கள். பெஞ்ச் சப்ளை இல்லாதவர்கள் 9 வோல்ட் பேட்டரியை வைத்து மோட்டார் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

உருளைத் தாங்கி

லோகோவை நகராமல் ஒரே இடத்தில் ஓட வைக்கும் உருளைத் தாங்கிகளை, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு ஜோடி உருளை என்ற கணக்கில், தண்டவாளத் துண்டின் மேல் வைப்பார்கள். பார்க்க அழகான பொருள், ஸ்டீம் லோகோவுக்கு உண்மையாகவே தேவையான பொருள். சக்கரங்களை இணைக்கும் கம்பிகள் எந்தக் கோணத்தில் முட்டுகின்றன, வலது இடது சக்கரங்களின் கிராங்க் பின்கள் 90 பாகையில் நிற்கின்றனவா என்பதை ஓடும்போது பக்கத்தில் குனிந்து பார்க்க இதைவிட வசதி கிடையாது. ஒரே கோணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தடுமாறினால் ஏதோ ஒரு அச்சு பிசகியிருக்கிறது.

டீசல், எலெக்ட்ரிக் லோகோவுக்கு இது கட்டாயமில்லை. தவிர, இதில் ஒரு பொறி உண்டு. உருளைகளுக்குள்ளேயே அழுக்கும் எண்ணெயும் சேர்ந்தால் அவையே மோசமான தொடர்பாகிவிடும். தாங்கியின் மேல் மினுக்கும் லோகோ, தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடும். வாங்கினால் பேரிங் வைத்த உருளைகளை வாங்குங்கள். சாதாரணப் புஷ் வைத்தவை சீக்கிரம் தேய்ந்து கத்தத் தொடங்கும். பிக்கப் சோதனைக்குத் தாங்கியை நம்பவே வேண்டாம், நேரான சுத்தமான தண்டவாளம்தான் அதற்குச் சரி.

டீகோடர் சோதனைப் பலகை

இஎஸ்யூ நிறுவனத்தின் 53900 மாதிரியான சோதனைப் பலகைகளில் 6 பின், 8 பின், 21 பின், ப்ளக்ஸ் என்று பலவகைச் சாக்கெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு எல்இடி. டீகோடரை அதில் செருகி, கட்டுப்பாட்டுக் கருவியில் எஃப்0, எஃப்1, எஃப்2 என்ற பொத்தான்களை அழுத்தினால் எந்த வெளியீடு வேலை செய்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். வேறு வழியில் அரை மணி நேரம் ஆகும் தேடல் இதில் அரை நிமிடம். டீகோடர் நல்லது என்று தெரிந்துவிட்டால் கவனம் முழுவதும் லோகோவின் ஒயரிங் பக்கம் திரும்பும். ஐந்தாறு டிசிசி லோகோ வைத்திருப்பவருக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

எந்தப் பலகையாக இருந்தாலும் மோட்டார் வெளியீட்டில் உண்மையான மோட்டாரோ அதற்கு ஈடான சுமையோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். புரோகிராமிங் டிராக்கில் (டீகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைக்கும் தண்டவாளம்) டீகோடர் பதில் சொல்வது மோட்டார் வழியாக ஒரு சிறு துடிப்பை அனுப்பித்தான்: 6 மில்லி நொடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர். சுமை இல்லாவிட்டால் துடிப்பு எழாது, சிவி (டீகோடருக்குள் சேமித்திருக்கும் அமைப்பு) எண்ணைப் படிக்க முடியாது, நல்ல டீகோடர் செத்ததுபோல் தோன்றும். இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். லோகோவுக்குள் இருக்கும்போது விளக்கு எரிகிறது, ஆனால் சிவி படிக்க மறுக்கிறது என்றால் மோட்டார் ஒயர் விட்டிருக்கிறதா, பிரஷ் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

சோதனையில் தேறிய டீகோடரை லோகோவில் திரும்பச் செருகும்போது கவனம் வேண்டும். 8 பின் பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் ஒன்றும் எரியாது, ஆனால் குழப்பம் பெரிது. அப்படித் திரும்பும்போது சிவப்பும் கறுப்பும் இடம் மாறும், அதனால் மின்சாரம் வரும். ஆரஞ்சும் சாம்பலும் இடம் மாறும், அதனால் மோட்டார் ஓடும், ஆனால் எதிர்த்திசையில். நீலமும் பச்சையும் இடம் மாறும். விளக்குகளுக்குப் பொதுவான நீலம் தன் இடத்தில் இல்லாததால் ஹெட்லைட் எரியாது. வண்டி ஓடுகிறது, விளக்கு மட்டும் இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் பல்பை மாற்றும் முன் பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். 21 பின் வகையில் 11ஆம் பின் இருக்கும் இடம் காலியாக இருக்கும். டீகோடரில் அடைத்திருக்கும் துளையும் அதுவும் நேருக்கு நேர் வந்தால்தான் அழுத்த வேண்டும்.

இந்த 21 பின் வகையில் இன்னொரு சிக்கல். எஃப்0 விளக்குகள் எரிகின்றன, கேபின் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அது ஆக்ஸ் 3 அல்லது ஆக்ஸ் 4 என்ற கூடுதல் வெளியீட்டில் இருக்கலாம். சில டீகோடர்களில் இந்த இரண்டும் லாஜிக் அளவிலான சிக்னல்தான் தரும், விளக்கை நேரடியாக எரிக்கும் பலம் இருக்காது. லோகோவின் பலகையில் டிரான்சிஸ்டர் இருந்தால்தான் எரியும். சில டீகோடர்களில் அவை முழுப் பலத்தோடு வரும். இஎஸ்யூ இந்தப் பலமான வகையை எம்கேஎல் என்று தனியாகக் குறித்து விற்கிறது. லோகோவின் பலகை எதை எதிர்பார்க்கிறது என்று கையேட்டில் பார்த்து வாங்குவது ஒன்றே தீர்வு.

யுஎஸ்பி புரோகிராமர்

விளக்குப் பிரச்சினைகளில் ஒரு பங்கு ஒயரிலே இல்லை, எண்ணிலே இருக்கிறது. வேகத்தை ஏற்றும்போது ஹெட்லைட் ஒவ்வொரு படிக்கும் அணைந்து அணைந்து எரிந்தால் கட்டுப்பாட்டுக் கருவி 28 வேகப் படியில் அனுப்புகிறது, டீகோடர் 14 படியில் கேட்கிறது. சிவி 29இல் பிட் 1 ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரணக் குறும் முகவரியில் 6 என்று எழுதினால் 28 படி, டிசி ஓட்டம் இரண்டும் சேர்ந்து வரும். விளக்கும் ஒலியும் கட்டளைக்குப் பணிகின்றன, வண்டி மட்டும் அசையவில்லை என்றால் சிவி 19ஐப் படியுங்கள். பழைய இரட்டை லோகோ இணைப்பின் எண் அங்கே தங்கியிருக்கும். 0 எழுதினால் வண்டி கிளம்பும்.

இந்த வேலைக்கு ஸ்ப்ராக் போன்ற சிறு யுஎஸ்பி பெட்டியும் இலவச மென்பொருளான ஜேஎம்ஆர்ஐயின் டீகோடர்ப்ரோவும் சேர்ந்தால் போதும். பிட்டுகளைக் கூட்டிக் கழிக்காமல் பெயரைப் பார்த்து டிக் செய்யலாம், அதைவிடப் பெரிய நன்மை, ஒவ்வொரு லோகோவின் எண்களையும் கோப்பாகச் சேமித்து வைக்கலாம். சேமித்த பிறகு ரீசெட் செய்யப் பயமில்லை. பல டீகோடர்களில் சிவி 8இல் 8 எழுதுவதுதான் ரீசெட், சில நிறுவனங்கள் வேறு எண் வைத்திருக்கின்றன. இஎஸ்யூவின் லோக்புரோகிராமர் தன் நிறுவன ஒலி டீகோடர்களில் புது ஒலியை ஏற்ற வல்லது. ஒலியை மாற்றும் எண்ணம் இல்லாதவர் அதை வாங்க வேண்டியதில்லை.

சிவியால் தீர்க்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். முன்னே போகச் சொன்னால் பின்னே போகிறது, ஆனால் முன் விளக்கு சரியாக எரிகிறது. பலர் சிவி 29இன் பிட் 0ஐ மாற்றுவார்கள். அது மோட்டாரையும் விளக்கையும் சேர்த்தே திருப்பிவிடும், பொருத்தமின்மை அப்படியே நிற்கும். ஆரஞ்சு, சாம்பல் ஒயர்களை மாற்றிப் போடுவதுதான் சரி.

எல்இடி டெஸ்டரும் ரெசிஸ்டர் பெட்டியும்

2, 5, 10, 20 மில்லி ஆம்பியர் என்று துளைகள் உள்ள கைக்கடக்கமான எல்இடி டெஸ்டர் மிகச் சின்னப் பொருள், ஆனால் பெரிய உதவி. எல்இடி உயிரோடு இருக்கிறதா, எந்தக் கால் நேர்முனை என்பதோடு, எத்தனை மில்லி ஆம்பியரில் ஹெட்லைட் இயல்பாகத் தெரிகிறது என்பதையும் காட்டும். பெரும்பாலும் 2 முதல் 5 போதும். 14 வோல்ட் வரும் டீகோடரில் 1 கிலோ ஓம் போட்டால் வெள்ளை எல்இடியில் 11 மில்லி ஆம்பியர் ஓடும், கண் கூசும். 3.3 கிலோ ஓம் போட்டால் ஏறத்தாழ 3.3 மில்லி ஆம்பியர், பார்க்க நிஜ வண்டிபோல் இருக்கும். நம்பர் போர்டுக்கு 10 கிலோ ஓம்.

ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். வெள்ளையையும் சிவப்பையும் இணையாக இணைத்து இரண்டுக்கும் ஒரே ரெசிஸ்டர் வைத்தால் சிவப்பு மட்டும் எரியும். அது 2 வோல்ட்டிலேயே நடத்தத் தொடங்கி, வெள்ளைக்குத் தேவையான 3 வோல்ட் வரவே விடாது. முன் விளக்கு வெள்ளை, பின் விளக்கு சிவப்பு என்று மாறும் லோகோக்களில் "வெள்ளை செத்துவிட்டது" என்று வரும் புகார்களில் இதையும் சந்தேகியுங்கள்.

பழைய லோகோவில் 1.5 வோல்ட் குட்டிப் பல்பு இருந்தால் எச்சரிக்கை. டிசி காலத்தில் மோட்டாரோடு தொடராக டயோடுகளை வைத்து, அவற்றில் விழும் 1.4 வோல்ட்டை எடுத்து இந்தப் பல்பை எரிப்பார்கள். வண்டி குறைந்த வேகத்தில் போனாலும் விளக்கு ஒரே அளவில் எரிவதற்கான உத்தி அது. டீகோடர் போடும்போது அந்த டயோடு பலகையை முழுதாக நீக்கிவிட வேண்டும். பல்பை அப்படியே டீகோடரின் வெள்ளை (முன் விளக்கு), நீல ஒயரில் சேர்த்தால் ஒரு மின்னலோடு போய்விடும். 15 மில்லி ஆம்பியர் பல்பாக இருந்தால் 14 வோல்ட்டுக்கு 820 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரை தொடராகப் போடுங்கள். ரெசிஸ்டரில் 0.2 வாட்டை ஒட்டி வெப்பமாகும், ஆகவே கால் வாட்டுக்குக் குறைந்ததைப் போடாதீர்கள், பிளாஸ்டிக் கூட்டைத் தொடவும் விடாதீர்கள்.

6 பின் சாக்கெட் உள்ள சிறு லோகோக்களில் நீல ஒயரே கிடையாது. விளக்கின் மறுமுனை நேராகத் தண்டவாளத்தின் ஒரு பக்கத்துக்குப் போகும், டிசிசி அலையின் பாதி மட்டுமே அதற்குக் கிடைக்கும். அங்கே விளக்கு மங்கலாக இருப்பது பழுது இல்லை. மினுக்கல் தாங்க முடியாவிட்டால் டீகோடரின் பொதுமுனைப் புள்ளியிலிருந்து ஒரு நீல ஒயர் இழுத்து, விளக்கின் அந்த முனையைத் தண்டவாளத்திலிருந்து துண்டித்து இதில் சேருங்கள்.

சுத்தம் செய்பவை

பீகோவின் பிஎல்-41 போன்ற உரசும் ரப்பர் கட்டி, கெட்டியான கறுப்பு அழுக்கைத் தண்டவாளத்திலிருந்து எடுக்க நல்லது. வாராவாரம் தேய்ப்பதற்கு உரியதல்ல. உரசலில் விழும் நுண்கோடுகளில் அழுக்கு மறுபடி சீக்கிரம் பிடிக்கும். சக்கரத்துக்கு ரப்பர் கட்டி வேண்டவே வேண்டாம். மெல்லிய பேப்பர் துணியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, ஒரு போகி (லோகோவின் அடியிலுள்ள சக்கரத் தொகுதி) துணியின் மேலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி லோகோவைப் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். துணியில் கறுப்புக் கோடுகள் இரண்டு விழும். துணியை நகர்த்தி, கோடு விழாத வரை தொடர்ந்து, பிறகு மறு போகி. ரப்பர் வளையம் உள்ள சக்கரத்தை மட்டும் இதில் ஊறவிடாதீர்கள்.

கேடியின் மின்சாரம் ஏறிய பித்தளைத் தூரிகை, லோகோவைத் தலைகீழாகக் கிடத்திச் சக்கரத்தைத் தானே சுழல வைத்துத் தேய்க்கும். டிசி சப்ளையில் அருமையாக வேலை செய்யும். டிசிசியில் வேண்டாம்: தூரிகையின் முடி ஒன்று பிசகித் தொட்டாலே ஷார்ட். டீகோடரில் டிசி ஓட்டத்தை அணைத்து வைத்திருந்தால் சக்கரம் சுழலாது என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணாடி இழைப் பென்சிலைப் பிக்கப் தகடு சுத்தம் செய்ய வைத்துக்கொள்ளலாம், ஆனால் உதிரும் இழை மோட்டாருக்குள் போகும், விரலிலும் ஏறும். கையுறையோடு, மோட்டாரை மூடிவிட்டு, முடிந்ததும் ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் லேபெல் 108 போன்ற மெல்லிய எண்ணெய் மோட்டார் புஷ்ஷுக்கு, 106 கிரீஸ் கியருக்கு. ஊசி முனையில் தொங்கும் ஒரு துளியில் பாதி போதும். அதிகமாக விட்டால் கம்யூட்டேட்டருக்கு ஊர்ந்து போய்ப் பிரஷ் தூளோடு சேர்ந்து கறுப்புப் பசையாகும், மோட்டார் சூடேறும். பல வருடம் பெட்டியில் கிடந்த லோகோ முதலில் நகர மறுத்து, சில நிமிடம் ஓடியபின் சீராகிறதா? பழைய கிரீஸ் இறுகிவிட்டது. மேலே புது எண்ணெய் விடாமல், கியர்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, புதிதாகப் போடுங்கள்.

கீப் அலைவ்: நல்ல பொருள், தவறான வரிசையில் வாங்கப்படுகிறது

அழுக்கான இடத்தில் சில நொடி மின்சாரத்தைத் தாங்கிக்கொடுக்கும் கெபாசிட்டர் தொகுப்பு இது. 2.7 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் ஐந்தைத் தொடராகச் சேர்த்தால் 13.5 வோல்ட் தாங்கும், ஆறைச் சேர்த்தால் 16.2. டீகோடரின் உள் வோல்டேஜ் அதைவிடக் கூடுதலாக இருந்தால் வெடிக்கும், ஆகவே தண்டவாள வோல்டேஜை அளந்துவிட்டுத்தான் எத்தனை என்று முடிவு செய்யுங்கள். இணைப்பு நீல ஒயருக்கும் டீகோடரின் உள் எர்த்துக்கும். கறுப்புத் தண்டவாள ஒயருக்கு அல்ல. சார்ஜ் ஆகும்போது பெரும் கரண்ட்டை இழுக்காமலிருக்க 100 ஓம் ரெசிஸ்டரும், வெளியே விடும்போது அதைச் சுற்றிப் போக ஒரு டயோடும் வேண்டும். விலைக்கு வரும் மூன்று ஒயர் தொகுப்புகளில் இவை ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

ஓட்டம் அற்புதமாக மாறும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதலில் சொன்ன விளக்குச் சோதனை இதைப் போட்ட பிறகு வேலை செய்யாது. எட்டில் ஐந்து சக்கரம் செத்திருந்தாலும் விளக்கு அசையாமல் எரியும், கெபாசிட்டர் காலியாகும் நாளில்தான் தெரியும். தவிர, புரோகிராமிங் டிராக்கில் இதன் சார்ஜ் கரண்ட் பதில் துடிப்பை மறைத்து, சிவி படிப்பதைக் கெடுக்கும். சுவிட்சோ கழற்றும் பிளக்கோ உள்ள தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். சிக்னல் அறுந்தபின் எவ்வளவு நேரத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பதைச் சிவி 11இல் குறைத்து வையுங்கள். டிசி ஓட்டம் தேவையில்லாதவர்கள் சிவி 29இன் பிட் 2ஐ அணைத்துவிடுங்கள். எல்லாச் சக்கரமும் 1 ஓமுக்குள் வந்த பிறகு இதை வாங்குங்கள். இரண்டு அச்சு ஷண்டருக்கு (யார்டில் பெட்டிகளை நகர்த்தும் சிறு லோகோ) அப்போதும் தேவைப்படும், நீளமான ஆறு அச்சு லோகோவுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

பழுதுபார்ப்பவரிடம் லோகோவை அனுப்புவதாக இருந்தால், சக்கரங்களின் ஓம் அளவு, சுமையில்லாக் கரண்ட், மாற்றிய பாகம் ஆகிய மூன்றையும் எழுதித் தருவாரா என்று முன்பே கேளுங்கள். "டீகோடர் போயிருக்கிறது, மாற்றிவிட்டோம்" என்று மட்டும் சொல்பவரிடம் பழைய டீகோடரைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அதைச் சோதனைப் பலகையில் செருகிப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.